துண்டுக்குள் சொல்ல முடியாதது

மாட்டுச் சந்தையில் ஒரு சட்டம் உண்டு. கயிறு கைமாறிவிட்டால் அப்புறம் பேச்சில்லை. வீட்டுக்குப் போய் மாடு உதைத்தாலும் சரி, படுத்துக்கொண்டாலும் சரி, அது வாங்கியவன் பாடு.

பொங்கியண்ணனிடம் கயிறு மாறக் காத்திருக்கும் மாடு ஒன்று நின்றது. ஆறு மாதச் சினை. பார்த்தவர் கண்ணை விட்டு அகலாத மடி. கைகளின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசி முடித்தாயிற்று. வாங்குகிறவர்கள் ஒரு புருஷனும் பெண்சாதியும். இருந்த ஆடுகளையெல்லாம் விற்றுவிட்டு, இனி இந்த மாடுதான் சோறு போடும் என்று வந்தவர்கள். புதுக் கயிறு வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள்.

அந்த மாட்டுக்கு இரண்டு முறை ஏழாம் மாதத்தில் சினை கலைந்திருந்தது. அது பொங்கியண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் வாத்தியாரை ஒரு வார்த்தை கேட்டுவிட நினைத்தான். மாட்டை ஓட்டிக்கொண்டு கூழ்க்கடைக்குப் போனான். வியாபாரிகளுக்கு மாலை வேளைகளில் நீதிசாத்திரம் சொல்லித்தரும் வாத்தியார் மயில்வாகனம் அங்கே உட்கார்ந்திருந்தார். அவனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரிடம் படிக்க அவன் வெட்கப்பட்டதில்லை.

விஷயத்தைச் சொன்னான். வாத்தியார் கூழைக் குடித்தபடியே கேட்டார்.

"விக்கலீன்னா?"

"என்ற பொழப்புப் போச்சுங்க. ரண்டு மாட்டை நோய்ல விட்டுட்டேன். கைமுதலுக்கு மிச்சம் இது ஒண்ணுதான். குறையைச் சொன்னா, நாளைக்கு எங்கிட்ட ஒரு கன்னுக்குட்டி கூட எவனும் வாங்க மாட்டான்."

"சரி. பாடத்துல மூணு வழி படிச்சீங்களே, அது என்ன சொல்லுது?"

பொங்கியண்ணன் கெட்டிக்கார மாணவன். தயாராகத்தான் வந்திருந்தான்.

"பலனைப் பாருன்னு ஒண்ணு சொல்லுது. என்ற வீட்ல ஆறு வயிறு, அவங்க ரண்டு பேரு. இந்தத் தடவை கன்னு தங்குனாலும் தங்குமுங்க. தங்குனா எல்லாருக்கும் நல்லது."

"அடுத்தது?"

"கடமையைப் பாருங்குது. பொய் சொல்லக்கூடாது. நான் சொல்லலீங்க. கேட்டதுக்கெல்லாம் நெசந்தான் சொன்னேன். இதை அவங்க கேக்கவே இல்லை."

"மூணாவது?"

"குணத்தைப் பாருங்குது. இந்தச் சந்தையில வந்து கேளுங்க. ஒரு மாட்டை நான் அடிச்சதுண்டா?"

வாத்தியார் சொம்பைக் கீழே வைத்தார்.

"மூணும் சம்மதிச்சிருச்சு. அப்பறம் எதுக்கு என்னையத் தேடி ஓடியாந்தீங்க?"

பொங்கியண்ணன் கயிற்றுக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் அந்தப் பெண்சாதி புதுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வருவது தெரிந்தது.

வாத்தியார் அவன் தோளிலிருந்த துண்டை உருவினார். இருவர் கைக்கும் மேலே போட்டு மூடினார்.

"வெளிய சொல்லத்தானே பயம்? இதுக்குள்ள சொல்லுங்க. மாட்டுக்கு என்ன குறை?"

உள்ளே பொங்கியண்ணனின் விரல்கள் தடுமாறின. வாத்தியாரின் ஒரு விரலைப் பிடித்தான், விட்டான். இரண்டைப் பிடித்தான், அதையும் விட்டான். எத்தனை மாட்டுக்கு விலை பேசிய கை அது.

"வெலைக்குத்தானுங்க விரல் இருக்குது," என்றான். "இதுக்கு இல்லீங்க."

அதற்குள் அவள் வந்துவிட்டாள். புருஷன் பின்னால் மூச்சு வாங்க நடந்து வந்தான். அவள் யாரையும் பார்க்காமல் நேரே மாட்டிடம் போய், முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளை அதன் நெற்றியில் பூசினாள். வயிற்றில் மெல்லக் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, கயிறு மாத்திக்கலாங்களா?"

துண்டுக்குள் பொங்கியண்ணன் வாத்தியாரின் கையை இறுகப் பற்றினான். குரல் அவருக்கு மட்டும் கேட்கும்படி இறங்கியது.

"ஐயா, மூணுல எது சரி? ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

வாத்தியார் துண்டை எடுத்து உதறி, அவன் தோளிலேயே திரும்பப் போட்டார்.

"எங்கிட்டச் சொன்ன மூணையும் ஒரு வார்த்தை குறையாம அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. கேட்டுட்டு அவங்க தலையாட்டுனா, கயிறு மாத்திக்குங்க."