பன்னிரண்டாவது அப்போஸ்தலரின் மூக்கு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை. சம்பந்தப்பட்ட மூன்று பேரும் இன்னும் ஊருக்குள்தான் நடமாடுகிறார்கள், தங்களைப் பற்றி ரொம்ப உயர்வான அபிப்பிராயத்தோடு.

உப்பளக்கரையில் ஒரு பேராலயம் உண்டு. அடி முதல் நுனி வரை கருங்கல். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க நாலு ஆள் வேணும். தூணுக்கு ஒரு மாடம், மாடத்துக்கு ஒரு அப்போஸ்தலர் என்று பன்னிரண்டு கல் சுரூபங்கள். கையில் நரம்பு தெரியும், அங்கியில் காற்று தெரியும். மேற்கே பனை உயரத்துக்கு வண்ணக் கண்ணாடி ஜன்னல். இதையெல்லாம் பார்க்க வெளிநாட்டுக்காரன் கப்பலேறி வருவான். நம்ம ஆட்கள் பிரசங்க நேரத்தில் அதே தூணில் சாய்ந்து தூங்குவார்கள்.

இத்தனை அழகையும் காக்கிற பொறுப்பு கயித்தான் கையில் இருந்தது. அவன்தான் கோயில்பிள்ளை. பெருக்குவது, மணி அடிப்பது, பூட்டுவது எல்லாம் அவன். தாத்தா இடுப்பிலும் அப்பா இடுப்பிலும் தொங்கிய கோயில் சாவி இப்போது அவன் இடுப்பில். அது இல்லாவிட்டால் தன் வேட்டி நிற்காது என்றே நம்பினான்.

திருவிழாவுக்கு ஆயர் வருவதாக இருந்தது. அவரை அழைத்துவரக் காலையில் கிளம்பிய பங்குச் சாமியார், கயித்தானைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"சாயங்காலம் ஆயர் ஆண்டவர் வரும்போது கோயிலுக்குள்ள ஒரு கறை இருக்கக் கூடாது. பன்னெண்டு அப்போஸ்தலரும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு பிசகினாலும் சாவி வேற ஆள் கைக்குப் போயிரும்."

போன வருஷம் அப்போஸ்தலர்களில் தலையான இராயப்பருக்கு மட்டும் ரோஜா மாலையும் மற்றவர்களுக்கு வாடின சாமந்தியும் போட்டதை மனசில் வைத்துத்தான் சாமியார் சொன்னார். பாவம், மாலை என்று வாயால் சொல்ல மறந்துவிட்டார்.

கயித்தான் துணைக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டான். ஒருவன் தோணித் தச்சன் தஸ்நேவிஸ். உளி இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டான். இன்னொருவன் வியாகுலம், மூவரில் அவன்தான் புத்திசாலி. மூவரில்.

மத்தியானத்துக்குள் தரை கண்ணாடியாகிவிட்டது. மூன்று மணிக்குப் பார்த்தால் நடுக்கோயிலில் பாய் அகலத்துக்குச் சிவப்பும் நீலமுமாய்க் கறை. மேற்கு ஜன்னல் வழியே வெயில் செய்த வேலை அது. கயித்தான் தேங்காய்நாரைத் தூக்கினான். தேய்க்கத் தேய்க்கக் கறை ஒரு முழம் நகர்ந்தது.

"பயந்து ஓடுதுல," என்றான் தஸ்நேவிஸ்.

விடாமல் துரத்தினார்கள். ஐந்து மணிக்குக் கறை தூணில் ஏறி ஒரு அப்போஸ்தலரின் முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கயித்தான் ஏணி போட்டு ஏறி, முகத்துக்கு முகம் பார்த்தான். அப்போஸ்தலருக்கு மூக்கு இல்லை.

அது என்றைக்கோ ஒரு புயலில் உடைந்தது, ஊருக்கே தெரியும். கயித்தான் முப்பது வருஷமாகத் தரையை மட்டுமே பார்த்துப் பெருக்கியவன். ஏணியில் நின்றபடியே மற்ற மாடங்களை ஒவ்வொன்றாக எண்ணினான்.

"பதினோரு பேருக்கு மூக்கு இருக்கு, இவருக்கு இல்ல. சாமி ஒரே மாதிரி இருக்கணும்னுட்டாரே வே."

நல்ல தேக்கில் ஒரு மூக்கு செய்து ஒட்டிவிடலாம் என்றான் தஸ்நேவிஸ்.

வியாகுலம் கண்ணை மூடி யோசித்தான். "ஒருத்தருக்கு மரமூக்கு, பதினோரு பேருக்குக் கல்மூக்கு. அப்பவும் ஒரே மாதிரி இல்லையேல."

தஸ்நேவிஸ் உளியை எடுத்தான்.

பத்து மூக்கு சுத்தமாகப் பெயர்ந்து வந்தது. கை தேர்ந்த வேலைக்காரன். பதினோராவதில் கொஞ்சம் பிடிமானத்துக்காக அப்போஸ்தலரின் தோளைப் பிடித்தான். அப்போஸ்தலர் கீழே வந்துவிட்டார், பல துண்டுகளாக. இதற்குள் வெயில் இறங்கிக் கறையும் காணாமல் போயிருந்தது. "ஒரு வேலை முடிஞ்சுது," என்று கயித்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

வாசலில் பேண்ட் சத்தம் கேட்டது. மாடம் ஒன்று காலி. சாவியை நினைத்துக் கயித்தானுக்கு அழுகை முட்டியது. வியாகுலம் மட்டும் கலங்கவில்லை. விபூதிப் புதனுக்கு மீந்த சாம்பலை உடம்பெல்லாம் பூசினான், பீடத் துணியைச் சுற்றினான், மாடத்தில் ஏறி நின்றான். நரம்பு தெரிந்தது, துணி மடிப்பு தெரிந்தது. அச்சு அசல் அப்போஸ்தலர்.

கயித்தான் நிம்மதியாகப் பார்த்தான். பிறகு இன்னொரு தடவை பார்த்தான்.

"ஏல வியாகுலம், உனக்கு மூக்கு இருக்கே."

தஸ்நேவிஸ் உளியோடு ஏணியை அவன் பக்கம் நகர்த்தினான்.

"பொறுங்கல," என்றான் வியாகுலம். "இல்லாததும் தெரியாததும் ஒண்ணுதான்." வலது கையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டான். அந்த அறிவை மெச்சுவதற்குள் கதவு திறந்துவிட்டது. தஸ்நேவிஸ் உளியைக் கயித்தான் கையில் திணித்துவிட்டுக் கும்பிட்டான்.

ஆயர் கலை ரசிகர். ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக வந்தார். ஒவ்வொரு தூணுக்கும் சாமியார் முகம் ஒரு சுற்று வெளுத்தது. கடைசி மாடத்தின் முன்னால் ஆயர் ரொம்ப நேரம் நின்றார்.

"ஃபாதர், இந்த அப்போஸ்தலர் ஏன் மூக்கைப் பொத்திக்கிட்டிருக்காரு?"

சாமியார் கயித்தானைப் பார்த்தார். கயித்தானின் கை தானாகவே இடுப்புச் சாவிக்குப் போனது.

கூட்டாளி இப்படித் தவிப்பதை வியாகுலத்தால் பொறுக்க முடியவில்லை. மாடத்திலிருந்து இறங்கினான். முழங்கால் போட்டு, ஆயரின் மோதிரத்தை முறைப்படி முத்தமிட்டான்.

"கயித்தான் மேல ஒரு தப்பும் இல்ல ஆண்டவரே. அவன் கையில இன்னும் உளி இருக்கு, அதான்," என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மறுபடி மாடத்தில் ஏறி மூக்கைப் பொத்திக்கொண்டான்.