கோழி நடந்த மாவு

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரி இருந்தா. பேரு கெசியா. நம்ம ஊரு இல்ல, அமெரிக்கா. அங்க அந்தக் காலத்துல மனுஷங்களை ஆடு மாடு மாதிரி விப்பாங்க, வாங்குவாங்க. இவளும் ஒரு துரை விலை குடுத்து வாங்கின அடிமை. "ம்" கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

ம்.

அங்க அடிமை வாசலைத் தாண்டணும்னா துரை எழுதின சீட்டு வேணும். ஆனா அடிமை எழுத்துக் கத்துக்கிட்டா சாட்டையடி, பளீர் பளீர்னு. ஏன்? கத்துக்கிட்டா தன் சீட்டைத் தானே எழுதிக்குவாளே! பயந்தாங்கொள்ளிப் பசங்க.

கெசியாவுக்கு ஒரே ஆசைதான். ஆத்துக்கு அந்தாண்ட போயிடணும். அந்தக் கரையில அடிமைன்னு யாருமே கிடையாது.

துரை பொண்ணு அடுப்படியில உக்காந்து எழுதி எழுதிப் பாடம் படிக்கும். கெசியா ரொட்டிப் பலகையில மாவைத் தூவி, அதைப் பாத்துப் பாத்து விரலால எழுதுவா. அப்போ துரைசானி செருப்பு டக்கு டக்குனு கேக்கும். உடனே பிசைஞ்ச மாவைத் தூக்கி மேல பொத்துனு போடுவா. எழுத்து போயே போச்சு!

அப்புறம் ஒருநாள் மாவு இன்னும் பிசையவே இல்ல. துரைசானி வந்து நின்னுட்டா.

"என்னடி இது கிறுக்கல்?"

"கோழி ஏறி நடந்துடுச்சும்மா."

"துரத்துடி அதை!"

எப்பா! நம்பிட்டா, கெசியா தப்பிச்சா.

ம்.

அப்புறம் சீட்டைத் தானே எழுதி, துரை பேரையும் போட்டு, பட்டப்பகல்ல கூடையோட கிளம்பிட்டா. ஆறு கண்ணுக்குத் தெரியுது. அப்போ டொக்கு டொக்குனு குதிரை. ரோந்துக்காரன்!

"சீட்டை எடு."

குடுத்தா. அவன் அதைத் தலைகீழாப் பிடிச்சு உதட்டை உதட்டை அசைக்கிறான். அவனுக்கு எழுத்தே தெரியாது, கண்ணு! சட்டுனு இவளை முறைச்சான்.

"ஏய், நேராத்தானே பிடிச்சிருக்கேன்?"

இல்லன்னு சொன்னா, எழுத்து தெரியும்னு மாட்டினா. கெசியா சீட்டை ஏறிட்டுக்கூடப் பாக்கல.

"எனக்கென்ன தெரியும் சாமி? எல்லாம் கோழி நடந்த மாதிரி இருக்கு."

அவன் கெக்கெக்கேனு சிரிச்சு, "போ" ன்னுட்டான். என்னா தைரியம் பாரேன் அவளுக்கு!

ம்...

ஆத்தைத் தாண்டிட்டா. அங்க ஒரு வீட்ல கூலிக்கு ரொட்டி சுடுற வேலை. முதல் நாள் மாவைத் தூவி, விரலால தன் பேரை எழுதினா. அப்போ டக்கு டக்குனு செருப்புச் சத்தம். கை தன்னால பிசைஞ்ச மாவுக்குப் போச்சு. அப்புறம் நின்னுடுச்சு.

"யாரு எழுதினது?"ன்னா வீட்டம்மா.

"நான்தாம்மா. அது என் பேரு."

அவ்வளவுதான் கண்ணு. அவ கரையேறிட்டா, கதையும் கரையேறிடுச்சு. நீ கண்ணை மூடு.