சோபா ஏறிய டிரெய்லர்

கோவை மில் முதலாளி தேவசிகாமணியிடம் ரேஸ் கார்ட் ஒன்று இருந்தது. தரையோடு தரையாக ஓடும் குட்டிப் பந்தய வண்டி. அதற்கு மெக்கானிக் சுகந்தி. பந்தயத்தன்று காலை, கார்ட்டை ஏற்றவேண்டிய டிரெய்லரில் முதலாளி தன் பெரிய சோபாவை ஏற்றினார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கௌரவம் என்னாவது?

"அப்ப கார்ட்டுங்க?" என்றாள் சுகந்தி.

"எப்படியோ கொண்டு வா. சக்கரம் ரோட்டுல படக்கூடாது. ஒன்பது மணிக்கு வரலைன்னா உனக்கு வேலை கிடையாது."

ஒன்பதாகக் கால் மணி இருக்கையில் மைதானத்துக்குள் ஓர் அமரர் ஊர்தி நுழைந்தது. ஓட்டி வந்தவன் சுகந்தியின் கணவன். அதுதான் அவன் தினசரி வேலை. கூட்டம் எழுந்து நின்றது. சிலர் செருப்பைக் கழற்றினார்கள். முதலாளியும் சோபாவை விட்டுப் பதறி எழுந்து கும்பிட்டார்.

சுகந்தி முன்னால் இருந்து இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். வாடிய சாமந்தி மாலைகளுக்கு நடுவே அவருடைய கார்ட், ஒரு கீறல் இல்லாமல்.

முதலாளி கும்பிட்ட கையை இறக்கினார். "இதுலயா ஏத்துவ?"

"வழியில எல்லாரும் ஒதுங்கி இடம் விட்டாங்க," என்றாள் சுகந்தி. " கார்ட் ஏற வேண்டியதுல உங்க சோபா ஏறிருச்சுங்க. அதான், நீங்க ஒருநாள் ஏற வேண்டியதுல கார்ட்டை ஏத்திட்டேன்."

பந்தயம் முடியும்வரை முதலாளி நின்றுகொண்டேதான் இருந்தார்.