மஞ்சரியின் கடைவாய்ப்பல்

தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் பல் முகாம். டாக்டர் சவுந்தரவல்லியிடம் தொழில் பழக வந்த மீரான் கெட்டிக்காரன். என்ன, அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வேண்டியதற்கு ஒரு பிடி கூடுதல்.

ஏழு வயது ரோஜிதாவின் வாயைப் பார்த்தான். புதுக் கடைவாய்ப்பல் நாலும் முழுசாக நின்றன. சொத்தை இல்லை. சீட்டில் 'நலம்' என்று முத்திரை குத்தி, பிள்ளைகளை மலைமேல் கொண்டு விடும் ஜீப்பில் ஏறச் சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளைகளுக்கு இனி அடுத்த வருஷம்தான் முகாம்.

"கடிக்கிற பக்கத்துப் பள்ளத்தை அடைச்சு, சொத்தை வராம பூச்சு வெச்சியா?" என்றார் சவுந்தரவல்லி.

"நோயே இல்லாத பல்லுக்கு எதுக்கு மேடம் வைத்தியம்?"

அவர் கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்துப் பஞ்சைப் பிரித்தார். உள்ளே ஒரு கடைவாய்ப்பல்.

"இது எப்படி?"

மீரான் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அருமையான பல். எந்தப் பாவி இதைப் பிடுங்கினது?"

"ஜன்னலைச் சாத்து. அடியில டார்ச் அடி."

அடித்தான். பல் முழுக்க வெளிச்சம் ஏறியது, நடுவில் மட்டும் ஏறவில்லை. அங்கே கறுப்பாக ஏதோ குந்தியிருந்தது. டார்ச்சை அசைத்தால் அதுவும் அசைந்தது.

"வாய் பார்க்கிற கண்ணாடியோட பிடியால மேலே அழுத்து."

"வேண்டாம் மேடம்..."

"அழுத்துப்பா."

மேல்கூடு நொறுங்கி உள்ளே விழுந்தது. கறுப்புத் தூள் அவன் உள்ளங்கையில் கொட்டியது. சொத்தை உள்ளே போன வழி, மேல்பள்ளத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அவ்வளவுதான்.

"யாரோட பல் மேடம்?"

"மஞ்சரின்னு ஒரு பொண்ணு. இதே தோட்டம். எட்டு வயசு. வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைச்சிருச்சு. பல்லைப் பிடுங்கியும் பிழைக்கலை. அதுக்கு முந்தின வருஷ முகாமில அவளும் நலம்தான்."

அய்யோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டான் மீரான். வெளியே ஜீப் உறுமியது. பாய்ந்து போய் ஜன்னலைத் திறந்தான்.

"டிரைவர் அண்ணே, வண்டியை எடுக்காதீங்க! ரோஜிதாவை இறக்கி விடுங்க!"

பூச்சுக் குப்பியைத் திறக்கும்போது அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மஞ்சரியை முகாமில பார்த்த டாக்டர் யாரு மேடம்? வீட்டுக்குப் போற அவசரத்தில ஏனோதானோன்னு பார்த்திருப்பாரு."

"அவசரமே படலை, மீரான்," என்றார் சவுந்தரவல்லி. "ஒவ்வொரு பல்லா தட்டித் தட்டிப் பார்த்தேன்."