சும்மாதான் கூப்பிட்டேன்

பல்லடம் பக்கத்து நூல் மில் விடுதியில் வார்டன் பரிமளம் வைத்ததுதான் சட்டம். பெண்கள் கைபேசி வைத்துக்கொள்ளக் கூடாது. ஆபீஸ் போனில் ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அவள் கேட்பாள்: "என்ன விஷயம்?"

மில்லில் வேலை பார்த்த செவ்வந்தியின் அப்பா ஞாயிறுதோறும் கூப்பிட்டார். "விஷயம் ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்" என்றார். ஞாயிறுதோறும் பரிமளம் போனை வைத்தாள். பக்கத்தில் நின்ற செவ்வந்திக்கு அப்பாவின் இருமல் மட்டும்தான் கேட்டது.

ஒரு ஞாயிறு அவள் வாய் திறந்துவிட்டாள். "சும்மாங்கிறதுலயும் விஷயம் இருக்குங்க மேடம்."

"அப்படியா? எங்கே, காட்டு பார்க்கலாம். காட்டலேன்னா இனிமே உனக்குப் போனே கிடையாது!"

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பரிமளத்தின் மகன் படம் இருந்தது. அதைப் பார்த்தபடி செவ்வந்தி பணிவாகச் சொன்னாள்: "எங்கப்பாவுக்குப் பேசத் தெரியல மேடம். துபாயில இருக்கிற உங்க மகனுக்குப் போன் போட்டு, விஷயத்தோட எப்படிப் பேசறதுன்னு காட்டுங்க. நாங்க கத்துக்கறோம்."

பரிமளத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கைபேசியை எடுத்து, போனுக்காகக் காத்து நின்ற பெண்கள் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, என்ன விஷயம்?" என்றான் மகன்.

பரிமளம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லடா... சும்மாதான்." போனை வைக்க அவள் விரல் போனது.

ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. "வெச்சிராதீங்க மேடம்," என்றாள் செவ்வந்தி மெதுவாக, "இப்பத்தானே விஷயம் ஆரம்பிச்சிருக்கு."

அடுத்த ஞாயிறு ஆபீஸ் போன் அடித்தது. பரிமளம் எடுத்தாள். ஒன்றும் கேட்காமல் செவ்வந்தியிடம் நீட்டினாள்.

முதலில் இருமல் வந்தது. பிறகு, "சாப்பிட்டியா தாயி?"