ஒரு உருண்டைக்கு ஒரு முக்கு

"சாஸா இது? சாக்கடை! சாக்கடையை விற்கிறாய் நீ!" என்று மணிலாவின் அந்தத் தெருமுனையே அதிரக் கத்தினார் சுகாதார இன்ஸ்பெக்டர் ரெகலாடோ. கத்திய வாயில் பாதி மீன் உருண்டை. "சுத்தம்தான் என்றால் எல்லார் முன்னாலும் ஒரு கரண்டி குடித்துக் காட்டு. இல்லாவிட்டால் உன் தள்ளுவண்டியை லாரியில் ஏற்றிவிடுவேன்."

வண்டி போனால் மீன் உருண்டை விற்கும் பெர்லித்தாவின் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் அவள் கரண்டியைத் தொடவில்லை.

"சற்றுமுன் கேட்டிருந்தால் குடித்திருப்பேன் சார். இது எல்லாரும் உருண்டையை முக்கித் தின்னும் பொது ஜாடி. ஒரு உருண்டைக்கு ஒரு முக்கு என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். நீங்கள் கடித்த உருண்டையை மறுபடி முக்கினீர்களே! உங்கள் எச்சிலை நான் எதற்குக் குடிக்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வண்டியை ஏற்ற இன்ஸ்பெக்டரோடு வந்த ஆட்களும்தான். பெர்லித்தா ஜாடியைக் கவிழ்த்துப் புதுச் சாஸ் ஊற்ற, அந்த ஆட்களே முதலில் உருண்டை குத்திய குச்சியை நீட்டினார்கள்.

எல்லார் முதுகுக்கும் பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் மெல்லக் கேட்டார்: "அம்மா, எனக்கும் ரெண்டு உருண்டை குத்திக் கொடேன்?"