கவலை மாடு இழுத்த வைக்கோல் குதிரை

பாளையக்காரர் காலத்துச் சங்கதி இது. முத்திருளாயி என்று ஒருத்தி வளரி எறியக் கற்றுக்கொடுத்து வந்தாள். வளைந்த கட்டைதான் வளரி. விட்டால் சுழன்றுகொண்டே போய்க் குதிரையின் காலை முறிக்கும். அவளுக்கு வயது முப்பத்தைந்து. அவளிடம் பாடம் கேட்ட சேதுராயச் சேர்வைக்கு ஐம்பது. அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, அவளுக்குக் கூச்சமும் இல்லை.

ஆயுதக் கொட்டடி சேர்வையின் பொறுப்பு. கொல்லன் புதிதாக இரும்பு வளரி அடித்துக் கொடுத்திருந்தான். பழைய மர வளரியைத் தள்ளிவிட்டு இரும்பை எடுப்பதா, வேண்டாமா? பொழுது சாய்வதற்குள் அவர் அரண்மனைக்குச் சொல்லியாக வேண்டும். விடிந்தால் எதிரிக் குதிரைகள் வந்துவிடும். முன்வரிசையில் நிற்கப்போகிற நாற்பது பேரில் அவர் மகனும் ஒருவன்.

சேர்வை வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள் இல்லை. வைக்கோலில் ஒரு குதிரை கட்டிச் சக்கரப் பலகையில் நிறுத்தினார். கிணற்றில் நீர் இறைக்கிற கவலை மாடுகளின் கயிற்றிலிருந்து தோல் பையைக் கழற்றிவிட்டு, குதிரையைப் பூட்டினார். மாடுகள் சரிவில் இறங்க, குதிரை ஓடியது. அவர் எறிந்ததில் இரும்பு பத்து வீச்சுக்குப் பத்தும் பட்டது. மரம் எட்டு.

"பார்த்தீங்களா ஆத்தா! இரும்பு விழுந்தா வைக்கோலே ஐயோங்குது."

"நல்லாத்தான் இருக்கு. மாட்டை அவுத்துத் தண்ணி காட்டுங்க, பாவம். கயித்தை நான் இழுக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், மாட்டைவிட மெலிஞ்சா போயிட்டேன்?"

சேர்வை இரும்பை ஓங்கினார். அது கையைவிட்டுப் போனதுதான் தாமதம், அவள் கயிற்றைத் தளர்த்தினாள். குதிரை நின்றது. இரும்பு அதற்கு முன்னால் போய் மண்ணைக் கொத்தியது. அடுத்த வீச்சுக்கு வெடுக்கென்று இழுத்தாள். குதிரை தப்பியது. இரும்பு கனம்; அது வந்து சேர்வதற்குள் ஒரு வெற்றிலை மடித்துவிடலாம். பத்தில் இரண்டுதான் பட்டது.

மரத்தை எடுத்தார். அது விசுக்கென்று போனது. பத்தில் ஐந்து.

"இது கள்ளாட்டம் ஆத்தா! என் கையைப் பார்த்துப் பார்த்து இழுக்கிறீங்க."

"நாளைக்கு வர்ற குதிரைக்காரன் கண்ணைக் கட்டிக்கிட்டா வருவான்?"

சேர்வை இரும்பு வளரிகளைச் சாக்கில் போட்டார். முடிச்சுப் போடப் போன கை பாதியில் நின்றது.

"மரந்தான்னு சொல்லிடுறேன். ஆனா பத்துக்கு அஞ்சுன்னா, மிச்சம் அஞ்சு குதிரை எம்மகன் மேலதானே ஏறும்?"

அவள் மர வளரிகளை அள்ளிக்கொண்டு அவர் நின்ற இடத்துக்கு நடந்தாள்.

"இப்ப கயித்தை நீங்க பிடிங்க. தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டி என்னை ஏமாத்துங்க."

அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். முதல் வீச்சு தப்பியது. அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை. வைக்கோல் குதிரைக்குக் கால் என்று ஒன்று மிஞ்சவில்லை.

"குதிரை எங்க போகும்னு எப்படி ஆத்தா தெரிஞ்சுது?"

"குதிரையை யாரு பார்த்தா? நான் ஓங்கினா பயத்துல உங்க கை எந்தப் பக்கம் போகும்னு முதல் வீச்சுல பார்த்துக்கிட்டேன், சேர்வை. மிச்ச ஒம்பதையும் அங்கதான் எறிஞ்சேன்."